வலிப்புக்கும் ஒரு விலாசம் உண்டு



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வலிப்பு வரும் பிள்ளை உள்ள வீட்டாரும் ஆசிரிய நண்பர்களும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது தரம் 6 வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென ஒரே இடத்தைப் பார்த்தபடி இருந்துவிடுவான். வாய் எதையோ மெல்லுவது போல அசையும். ஒரு கை சேர்ட் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. ஒரு நிமிடம் போனதும் பழையபடி ஆகிவிடுவான். ஆனால் நாம் என்ன கேட்டோம் என்பதே அவனுக்குத் தெரியாது. விழித்துக்கொண்டு நிற்பான்.

நாம் என்ன செய்தோம்? "என்னடா மெல்லுறாய்? போய்த் துப்பிட்டு வா" என்று ஏசினோம். வகுப்பே சிரித்தது. இரண்டு தடவை வெளியில் நிற்கவும் வைத்தோம்.

பிறகு ஒருநாள் இடைவேளை முடிந்து வரிசையில் வரும்போது அவன் விழுந்தான். கை கால் இழுத்தது. ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் கரண்டி தேடி ஓடினார். "இது வேற சாமான், ஓதிப் பார்க்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்துப் பரீட்சை எழுதி வந்த நாம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

அடுத்த நாள் உம்மா வந்தார். "சேர், ரெண்டு வருசமா இருக்கு. கிளினிக்ல மருந்தும் தந்தாங்க. வெளியில தெரிஞ்சா புள்ளைக்குப் பேர் வெச்சிருவாங்க எண்டுதான் சொல்லல்ல. கொஞ்சம் சுகமான மாதிரி இருந்திச்சு, மருந்தையும் நிப்பாட்டிட்டோம்" என்றார். அவரைக் குறை சொல்ல எமக்கு எந்தத் தகுதியும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வைல்டர் பென்பீல்ட். இந்தப் பதிவு அவரைப் பற்றியது.

*

முதலில் அவருக்கு முந்திய கதை. சுமார் 2400 வருடங்களுக்கு முன்னர் கிரேக்கர்கள் வலிப்பைத் தெய்வத்தின் நோய் என்றார்கள். ஹிப்போகிரட்டிசின் வழிவந்த வைத்தியர் ஒருவர் எழுதிய நூல் அதை மறுத்தது. ஏனைய நோய்களைப் போல இதற்கும் காரணம் உண்டு, அது மூளையில் இருக்கிறது என்று அந்த நூல் வாதிட்டது. பின்னர் இப்னு சீனா தனது 'அல்-கானூன்' மருத்துவ நூலில் 'ஸர்உ' என்ற பெயரில் இதை மூளை நோய்களோடு சேர்த்தே எழுதினார். ஆக, 'மூளையில்தான்' என்ற பதில் மிகப் பழையது. மூளையில் எந்த இடத்தில் என்பதற்கு மட்டும் பதில் இருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஹியூலிங்ஸ் ஜக்சன் என்ற வைத்தியர் ஒரு விடயத்தைக் கவனித்தார். சிலருக்கு வலிப்பு பெருவிரலில் ஆரம்பிக்கிறது. பிறகு கைக்கும் புயத்துக்கும் முகத்துக்கும் ஒழுங்காக நகர்கிறது. அப்படியென்றால் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையில் ஒவ்வோர் இடம் இருக்க வேண்டும், அந்த இடங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். 1870இல் பெர்லினில் பிரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளையில் சிறு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தைத் தொட்டால் முன்னங்கால் அசைந்தது, வேறிடத்தைத் தொட்டால் முகம் அசைந்தது. ஜக்சனின் ஊகம் பிழையல்ல என்று தெரிந்தது. ஆனால் மனித மூளையின் முழு வரைபடம் எவரிடமும் இருக்கவில்லை.

*

பென்பீல்ட் 1891இல் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். தந்தையும் ஒரு வைத்தியர்தான். ஆனால் அவரது தொழில் நொடித்துப்போனது. தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தனது பெற்றோரின் ஊருக்குத் திரும்பினார். மகனுக்கு 13 வயதாக இருக்கும்போது ஒக்ஸ்போர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் புலமைப்பரிசில் பற்றித் தாய் கேள்விப்பட்டார். அதை இலக்காக வைத்தே மகனைத் தட்டிக்கொடுத்து வளர்த்தார். பிள்ளைக்காக ஒரு கதவைக் கண்டுவிட்டால் அதைத் திறக்கும் வரை ஓயாத உம்மாமார் எமது ஊரிலும் இருக்கிறார்கள் அல்லவா?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் புலமைப்பரிசிலில் அவர் ஒக்ஸ்போர்ட் போனார். அங்கே நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ஷெரிங்டனிடம் பாடம் கற்றார். 1916 மார்ச் மாதம் பிரான்சில் செஞ்சிலுவை வைத்தியசாலையொன்றில் சேவை செய்யப் புறப்பட்டபோது, அவர் சென்ற 'சசெக்ஸ்' கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கியது. பலர் இறந்தார்கள். இவர் காலில் காயத்தோடு தப்பினார். அவரைத் தனது வீட்டில் வைத்துத் தேற்றியவர் புகழ்பெற்ற வைத்தியர் வில்லியம் ஒஸ்லர்.

1918இல் ஜோன்ஸ் ஹொப்கின்சில் வைத்தியப் பட்டம் பெற்றார். நியூயோர்க்கில் மூளைச் சத்திரசிகிச்சை செய்யத் தொடங்கினார். ஆனால் ஒரு விடயம் அவரை உறுத்தியது. காயப்பட்ட மூளை ஆறும்போது தழும்பு உண்டாகிறது, அந்தத் தழும்பு உள்ளவர்களுக்கு வலிப்பு வருகிறது. ஏன்? இதற்கு விடை தேடி 1924இல் குடும்பத்தோடு ஸ்பெயின் போனார். மெட்றிட்டில் ரியோ ஓர்டேகா என்ற விஞ்ஞானியிடம் மூளைக் கலங்களுக்குச் சாயமூட்டிப் பார்க்கும் முறையைக் கற்றார். 1928இல் ஜேர்மனியின் பிரெஸ்லவ் நகருக்குப் போனார். அது இன்று போலந்திலுள்ள விரோட்ஸ்வாஃப். அங்கே ஒட்ஃப்ரிட் ஃபோஸ்டர் என்ற வைத்தியர், போரில் தலையில் காயப்பட்டு வலிப்புக்கு ஆளான படைவீரர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தார். நோயாளி விழித்திருக்க, மூளையை மின்சாரத்தால் தொட்டு இடம் கண்டு, தழும்பை அகற்றினார். பென்பீல்ட் அந்த முறையைக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு 37 வயது. எமது வயதில் மீண்டும் மாணவனாகக் கதிரையில் இருந்திருக்கிறார்.

*

அதே 1928இல் கனடாவின் மொன்றியல் நகருக்குக் குடியேறினார். அங்கு போய்ச் சில மாதங்களில் அவரது சொந்த சகோதரி ரூத் நோயாளியாக வந்தார். ரூத் ஆறு பிள்ளைகளின் தாய். நீண்ட காலமாக வலிப்பு இருந்தது, தலைவலியும் கூடிவிட்டது. பரிசோதித்தபோது மூளையின் வலது முன்பகுதியில் பெரிய கட்டி. தனது சகோதரிக்குத் தானே சத்திரசிகிச்சை செய்வதா என்ற கேள்வி எழுந்தது. அவரே செய்தார். மூளையின் அந்தப் பகுதியில் பெரும்பங்கை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் கட்டியை முழுமையாக எடுக்க முடியவில்லை.

ரூத் வீடு திரும்பினார். பேச்சும் ஞாபகமும் அன்பும் அப்படியே இருந்தன. ஒருநாள் தம்பி விருந்துக்கு வந்தார். வழமையாக இலகுவாகச் சமைத்துவிடும் ரூத்துக்கு அன்று முடியவில்லை. ஒன்றிரண்டு கறிகளைச் செய்துவிட்டு, மற்றவற்றை எந்த ஒழுங்கில் செய்வதென்று தெரியாமல் சமையலறையில் தடுமாறி நின்றார். ஒவ்வொரு வேலையையும் அவருக்குச் செய்யத் தெரியும், வேலைகளை ஒழுங்குபடுத்தத்தான் முடியவில்லை. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி திட்டமிடுவதற்கு உதவுகிறது என்பதைப் பென்பீல்ட் தனது சகோதரியின் சமையலறையில் கண்டார். அதைப் பின்னர் ஆய்வுக் கட்டுரையிலும் எழுதினார். கட்டி மீண்டும் வளர்ந்தது. 1931இல் ரூத் காலமானார்.

வைத்தியர்களும் ஆராய்ச்சியாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் இந்த நோய்களை வெல்ல முடியும் என்ற எண்ணம் அவருக்கு உறுதியானது. ரொக்பெல்லர் மன்றம் 12 இலட்சம் டொலருக்கு மேல் உதவியது. 1934இல் மொன்றியல் நரம்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது. 1960 வரை அவரே அதன் பணிப்பாளர்.

*

இனி அவர் செய்த வேலைக்கு வருவோம்.

தோலுக்கு வலி உண்டு, மூளைக்கு வலி இல்லை. அதனால் தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்துவிட்டு, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையைத் திறக்கலாம். பென்பீல்ட் மிகச் சிறிய மின்சாரத்தால் மூளையின் மேற்பரப்பை ஒவ்வோர் இடமாகத் தொடுவார். "இப்போது என்ன தெரிகிறது?" என்று கேட்பார். "பெருவிரல் கூசுகிறது" என்பார் நோயாளி. அந்த இடத்தில் இலக்கமிட்ட சின்னக் கடதாசித் துண்டு ஒன்று வைக்கப்படும். பதிலை ஒருவர் எழுதிக்கொள்வார். பிறகு அடுத்த இடம்.

இதன் நோக்கம் இரண்டு. ஒன்று, வலிப்பு ஆரம்பிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. பலருக்கு வலிப்பு வருமுன் ஓர் அறிகுறி வரும். சிலருக்கு எரிந்த வாசம், சிலருக்கு வயிற்றிலிருந்து ஏதோ எழும்புவது போன்ற உணர்வு. மின்சாரம் பட்டதும் அதே அறிகுறி வந்தால் நோயின் விலாசம் கிடைத்துவிட்டது. இரண்டு, எந்த இடத்தை வெட்டக்கூடாது என்று அறிவது. பேச்சின் இடத்தை வெட்டிவிட்டால் வலிப்பு போனாலும் அந்த மனிதனின் வார்த்தை போய்விடும்.

பேச்சின் இடத்தைக் கண்டது எப்படி? நோயாளிக்குப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். ஒரு நோயாளிக்கு வண்ணத்துப்பூச்சியின் படத்தைக் காட்டும்போது மின்சாரம் கொடுத்தார்கள். அவர் வாய் பேசவில்லை, விரல்களைச் சொடுக்கினார். மின்சாரத்தை எடுத்ததும், வண்ணத்துப்பூச்சி என்ற சொல் வரவில்லை, அதனால் அந்துப்பூச்சி என்ற சொல்லைத் தேடினேன், அதுவும் வரவில்லை என்று விளக்கினார். அது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது, சொல் மட்டும் பூட்டப்பட்டிருந்தது. வகுப்பில் கேள்வி கேட்டதும் பதில் வராமல் தவிக்கும் எல்லாப் பிள்ளைகளையும் 'தெரியாது' என்று முடிவுகட்டும் எமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

1937இல் எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து அந்தக் கடதாசித் துண்டுகளின் முடிவுகளை வெளியிட்டார். அதிலிருந்துதான் விஞ்ஞானப் புத்தகங்களில் வரும் அந்த விசித்திர மனித உருவம் பிறந்தது. பெரிய உதடு, பெரிய கை, சின்ன முதுகு. மூளையில் எந்த உறுப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவில் வரைந்த மனிதன். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பென்சில் முனைகளை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் பிடித்து, கண்ணை மூடிய பிள்ளையின் விரல் நுனியில் தொடுங்கள், இரண்டு என்று சொல்லும். முதுகில் தொடுங்கள், ஒன்று என்றுதான் சொல்லும். முதுகுக்கு மூளையில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

அதன் பிறகு ஹேர்பேர்ட் ஜஸ்பர் என்ற ஆய்வாளர் மொன்றியலில் வந்து சேர்ந்தார். மூளையின் மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே பதியும் முறையை ஜேர்மனியின் ஹான்ஸ் பேர்கர் 1929இல் வெளியிட்டிருந்தார். இன்று எமது வைத்தியசாலைகளில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. அதுதான். ஜஸ்பர் அதைக் கொண்டு வலிப்பின் இடத்தைத் தேடினார், பென்பீல்ட் திறந்து பார்த்து உறுதிசெய்தார். 1954இல் இருவரும் சேர்ந்து எழுதிய பெரிய நூல் பல வருடங்களாக இத்துறையின் பாடநூலாக இருந்தது.

இங்கேதான் எமது மாணவனை நாம் மீண்டும் சந்தித்தோம். காதுக்கு உட்புறமாக மூளையின் பக்கப் பகுதி இருக்கிறது. அங்கே வலிப்பு ஆரம்பித்தால் பெரும்பாலும் நோயாளி உடனே விழமாட்டார். ஒரே இடத்தைப் பார்ப்பார். வாய் மெல்லும். விரல்கள் சட்டையைப் பிடித்து நோண்டும். கூப்பிட்டால் கேட்காது. முடிந்ததும் ஒன்றும் ஞாபகம் இருக்காது. பென்பீல்டும் ஜஸ்பரும் இத்தகைய நோயாளிகளை ஒவ்வொருவராகக் கவனித்து, இது குறும்பும் அல்ல, பைத்தியமும் அல்ல, மூளையின் இன்ன இடத்தில் நடக்கும் மின்சாரக் குழப்பம் என்று எழுதிவைத்தார்கள். அது எழுதப்பட்டு அரை நூற்றாண்டுக்கும் மேலான பின்னர் நாம் ஒரு பிள்ளையைப் பார்த்து "என்னடா மெல்லுறாய்?" என்று கேட்டிருக்கிறோம்.

*

அவரிடம் தவறே இல்லை என்று சொல்லமாட்டோம். மின்சாரம் பட்டதும் சில நோயாளிகள் பழைய பாட்டைக் கேட்டார்கள், பழைய காட்சியைக் கண்டார்கள். இதை வைத்து, வாழ்க்கை முழுவதும் மூளையில் ஒலிநாடா போலப் பதிவாகியிருக்கிறது என்று பென்பீல்ட் எண்ணினார். இன்றும் பலர் அப்படிப் பகிர்கிறார்கள். ஆனால் 1963இல் அவரே பெரோட் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட கணக்கில், மூளையின் பக்கப் பகுதியில் மின்சாரம் கொடுத்துப் பார்த்த 520 பேரில் 40 பேருக்கு மட்டுமே அப்படி நடந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அவரது விளக்கத்தை முழுமையாக ஏற்கவில்லை.

இதைவிடக் கனமான ஒன்றும் நடந்தது. மூளையின் பக்கப் பகுதியில் சத்திரசிகிச்சை செய்த இரண்டு நோயாளிகள் புதிய எதையும் ஞாபகம் வைக்க முடியாதவர்களாக மாறினார்கள். பென்பீல்ட் அதை மறைக்கவில்லை. 1950இல் நிறுவனத்துக்கு வந்திருந்த இளம் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவர்களைப் பரிசோதித்தார். மறுபக்கத்திலுள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஏற்கனவே பழுதடைந்திருக்க வேண்டும் என்று இருவரும் கருதினார்கள். ஒருவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்ததில் அது உண்மை என்று தெரிந்தது. அமெரிக்காவில் வேறொரு வைத்தியரிடம் 1953இல் இரு பக்கமும் வெட்டப்பட்டு ஞாபகத்தை இழந்த ஹென்றி மொலேசனையும் மில்னரே ஆராய்ந்து 1957இல் எழுதினார். ஞாபகம் உருவாகும் இடத்தை உலகம் அறிந்தது இவர்களால்தான். அதன் பின்னர் சத்திரசிகிச்சைக்கு முன்னரே பேச்சையும் ஞாபகத்தையும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. தவறை மூடியிருந்தால் இன்னும் எத்தனை பேர் ஞாபகத்தை இழந்திருப்பார்கள்?

இறுதிக் காலத்தில் அவர் ஒரு கேள்வியோடு இருந்தார். மின்சாரத்தால் நோயாளியின் கையை அசைக்க முடிந்தது. ஆனால் நோயாளி, கையை நான் அசைக்கவில்லை, நீங்கள்தான் அசைத்தீர்கள் என்பார். அந்த 'நான்' எங்கே? ஒரு தீர்மானத்தையோ ஒரு நம்பிக்கையையோ மின்சாரத்தால் அவரால் ஒருபோதும் உண்டாக்க முடியவில்லை. மூளையை மட்டும் வைத்து மனத்தை விளக்கிவிட முடியாது என்று 1975இல் வெளிவந்த தனது நூலில் எழுதினார். இதை ஏற்காத விஞ்ஞானிகள் பலர். அடுத்த வருடம், 1976 ஏப்ரலில், 85 வயதில் மொன்றியலில் காலமானார்.

*

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை வேண்டும் என்று எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலானோருக்கு மாத்திரையே போதும். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்றும், சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. வலிப்பு வரவில்லை என்றால் நோய் போய்விட்டது என்பதல்ல, மருந்து வேலை செய்கிறது என்பதுதான் பெரும்பாலும் அர்த்தம்.

ஒருவர் விழுந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்திலுள்ள கடினமான பொருட்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழ் மெதுவானதொன்றை வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். இழுப்பு நின்றதும் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். சாவிக் கொத்தால் ஒரு பயனும் இல்லை. 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது தெளியாமல் மீண்டும் வந்தால், 1990 அம்பியூலன்சை அழையுங்கள்.

துஆக் கேட்பதை எவரும் தடுக்கவில்லை, மருந்தை நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறோம். இந்த நோயுள்ள ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி ஹதீஸில் இருக்கிறது. வலிப்பு வரும்போது தனது ஆடை விலகிவிடக் கூடாது என்பதே அவர் கேட்டுப் பெற்ற துஆ. நோயைவிட மற்றவர் முன்னால் மானம் போவதே அவருக்குப் பெரிய வேதனையாக இருந்திருக்கிறது. அந்தப் பெண்மணியை ஸஹாபாக்கள் ஒதுக்கவில்லை. சுவர்க்கத்துப் பெண் என்று சுட்டிக் காட்டினார்கள். நாம் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம்?

எமது அந்த மாணவன் மருந்தை ஒழுங்காக எடுத்தான். சாதாரண தரப் பரீட்சையும் எழுதி முடித்துவிட்டான். மருந்து தொடங்கிய சில வாரங்களின் பின்னர் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, "நான் ஒண்டும் மெல்லல்ல எண்டு அண்டைக்கே சொன்னன்தானே சேர்" என்றான்.

உண்மைதான். சொல்லியிருந்தான். பென்பீல்டின் வரைபடம் முழுவதும் நோயாளி சொன்னதைக் கேட்டு எழுதியதுதான். நாம் கேட்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால் வகுப்பாசிரியரிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு பிள்ளை அடிக்கடி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏசுவதற்கு முன்னர் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதையுங்கள். அல்லாஹ் எமது பிள்ளைகள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக.